பிரிச்சு வச்சாலும் வண்டில ஒண்ணாதான் கொட்டுறாங்க, அப்புறம் எதுக்கு பிரிக்கணும்?

நீங்க கேட்டதை ஒரு தடவை நான் திருப்பி சொல்லிடறேன், ஏன்னா ஒரு கேள்விக்குள்ள நாலு கேள்வி இருக்கு. சென்னைல அபார்ட்மெண்ட்ல இருக்கீங்க, மூணு மாசமா மக்கும் குப்பை மக்காத குப்பைனு ரெண்டு பக்கெட் வச்சு பிரிக்கறீங்க, தயிர் டப்பாவ கழுவணுமா, பிஸ்கட் கவர் எதுல போடறது, பீட்சா வந்த அட்டை பேப்பர்ல சேருமானு தினமும் குழப்பம், வீட்டுக்காரர் வேற "தண்ணி கஷ்டத்துல குப்பைய குளிப்பாட்டறியா"னு கிண்டல் பண்றாரு, போன வாரம் பால்கனில இருந்து எட்டிப் பாத்தா கீழ வண்டில ரெண்டு பக்கெட்டையும் ஒரே தொட்டில கவுத்துட்டு போறாங்க. எந்த டப்பால எதுனு கேட்ட மாதிரி இருந்தாலும் உங்க மனசுல இருக்கறது "நான் மெனக்கெடறதுக்கு ஏதாவது பிரயோஜனம் இருக்கா இல்லையா"ங்கறதுதான்னு எனக்கு படுது. அதுல இருந்தே ஆரம்பிக்கறேன், டப்பா கணக்கெல்லாம் போற வழில வரும்.

என்னைப் பத்தி ரெண்டு வரி. அப்பா மதுரை பக்கம் பழைய பேப்பர் கடை வச்சிருந்தாரு, ஸ்கூல் விட்டு வந்தா தராசு பக்கத்துல உக்காந்து நியூஸ் பேப்பர் தனி நோட்டு தனி அட்டை தனினு அடுக்கறதுதான் எனக்கு வேலை. அப்புறம் கெமிஸ்ட்ரி படிச்சேன், ரெண்டு மூணு இடத்துல வேலை பாத்துட்டு சுத்தி வளைச்சு அதே தொழிலுக்கே வந்து சேந்தேன், தென்சென்னை பக்கம் மக்காத குப்பை பிரிக்கிற ஒரு ஷெட்ல 11 வருஷமா மேற்பார்வை. அதனால எந்தப் பொருள் எங்க போகுது, யார் வாங்கறாங்க, எதை ஓரமா தள்ளிடறாங்கங்கறது கண்ணால பாத்தது. உரம் போடறதுல நான் வீட்டு மொட்டைமாடி அளவுக்குத்தான், ஊசி மருந்து மாதிரி கழிவெல்லாம் என் துறையே இல்ல, அந்த இடம் வரும்போது சொல்லிடறேன்.

சந்தேகமே இல்லாத விஷயத்தை முதல்ல சொல்லிடலாம். குப்பைல எதிரி பிளாஸ்டிக் இல்ல, ஈரம். எங்க ஷெட்ல காலைல ஏழரைக்கு மூட்டை வந்து இறங்கும், மேசைனு சொல்லுவோம், பழைய இரும்புக் கதவ ரெண்டு டிரம் மேல படுக்க வச்சதுதான் அது, மூட்டைய அவுத்து அதுல கவுத்ததும் நாலு அக்காங்க சுத்தி நின்னு பிரிக்க ஆரம்பிப்பாங்க. ஒருநாள் ஒரு மூட்டைல சணல் போட்டு அழகா கட்டின பேப்பர் கட்டு, யாரோ அக்கறையா மடிச்சு வச்சிருக்காங்க, கட்டு மேல முந்தினநாள் சாம்பார கேரி பேக்ல ஊத்தி முடிச்சு போட்டுட்டாங்க போல, அது வழில வெடிச்சு மூணு கிலோ பேப்பருக்குள்ளயும் இறங்கிருச்சு, நடுப்பக்கத்துல முருங்கைக்காய் சக்கை ஒட்டிட்டு இருக்கு. அந்தக் கட்டு எதுக்கும் ஆகாது. பேப்பர் வாங்கற வியாபாரி கைய உள்ள விட்டு பாப்பாரு, ஈரம் தட்டுச்சுனா எடைல கழிவு பிடிப்பாரு, எண்ணெய்யும் சாப்பாடும் இருந்தா கட்டையே வேணாம்னுடுவாரு, ஏன்னா ரெண்டு நாள்ல பூஞ்சை புடிச்சு பக்கத்துல இருக்கற நல்ல கட்டையும் கெடுத்துரும். ஆக அந்த வீட்டுக்காரங்க அடுக்கி வச்சது அவ்வளவும் ஒரு கரண்டி சாம்பார்ல போச்சு. இதுல இருந்து நீங்க ஒண்ணு புரிஞ்சுக்கலாம், பத்து டப்பா வச்சு நுணுக்கமா பிரிக்கிற வீட்டை விட ரெண்டே டப்பா வச்சு ஈரத்தை மட்டும் கறாரா தனியா வைக்கிற வீட்டுக் குப்பைதான் எங்களுக்கு தங்கம்.

சரி, வண்டி விஷயம். நீங்க பாத்தது உண்மையாவே இருக்கலாம், இல்லனு சப்பைக்கட்டு கட்ட மாட்டேன். ஆனா கவுத்ததும் எல்லாம் முடிஞ்சுதுனு அர்த்தம் இல்ல. பேட்டரி வண்டியோட பக்கவாட்டுல சாக்கு தொங்கும் பாருங்க, வண்டிக்கார அக்கா போற வழிலயே பாட்டில், அட்டை, பால் கவர் எல்லாம் அதுல எடுத்துப் போட்டுப்பாங்க, சாயங்காலம் அதை கடைல போட்டா அவங்களுக்கு டீ செலவு பஸ் செலவு ஓடும். நீங்க சுத்தமா கட்டி குடுத்த பை தொட்டில விழுந்தாலும் அவங்க கை அதைத்தான் முதல்ல தேடி எடுக்கும், சாப்பாடு கலந்த பைய யாரும் அவுக்கவே மாட்டாங்க. கலந்து போறதோட நிஜமான கேடு எங்கனா, அடுத்து அது பெரிய அமுக்கி வண்டிக்கு மாறும்போது. பின்னாடி இருந்து அமுக்குற அந்த லாரில ஏறிட்டா வாழைப்பழத் தோலும் மீன் கழுவுன தண்ணியும் பிழிஞ்சு மிச்சம் எல்லாத்துலயும் ஊறிரும், அதுக்கப்புறம் பிரிக்கறது நடக்காத காரியம், அது நேரா குப்பைக் கிடங்குக்குத்தான். உங்க தெருவுல எந்த வண்டி எங்க மாத்துதுங்கறது வார்டுக்கு வார்டு மாறும், ஒருநாள் காலைல கீழ இறங்கிப் போய் அந்த அக்காகிட்டயே "எது எது தனியா குடுத்தா உங்களுக்கு சவுகரியம்"னு கேளுங்க, எந்த போஸ்டரையும் விட நல்ல பதில் அங்க கிடைக்கும்.

கிடங்குனா என்னனு தெரிஞ்சவங்களுக்கு இது புரியும். சென்னைல தினமும் 5000 டன்னுக்கு மேல குப்பை சேருது, பல வருஷமா வடக்க கொடுங்கையூர் தெக்க பெருங்குடினு ரெண்டே இடத்துலதான் மலை மாதிரி கொட்டினாங்க. பெருங்குடி கிடங்கு இருக்கறது பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துல, 2022ல ராம்சர் பட்டியல்ல, அதாவது உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட பட்டியல்ல, சேந்த அதே சதுப்பு நிலம். அதே வருஷம் ஏப்ரல்ல அந்தக் கிடங்கு பத்திக்கிட்டு நாள்கணக்கா புகைஞ்சது, அந்தப் பக்கம் இருந்தவங்களுக்கு அந்த நாத்தம் இன்னும் மூக்குல இருக்கும். இந்த மாதிரி தீ புடிக்கறதுக்கு நீங்க வீசுற காய்கறித் தோலுக்கும் சம்பந்தம் இருக்கு. சாதாரணமா காத்துபட மக்கினா பிரச்சனை இல்ல, மலைக்கு அடில காத்து போகாத இடத்துல அழுகும்போது மீத்தேன் வரும், மீத்தேன் தீப்புடிக்கற வாயு, சுத்தி பிளாஸ்டிக்கும் துணியும் இருந்தா கேக்கவே வேணாம். இப்ப ரெண்டு இடத்துலயும் பழைய குப்பைய தோண்டி சலிச்சு பிரிக்கற வேலை கோடிக்கணக்குல செலவு பண்ணி நடக்குது. வீட்ல ரெண்டு நிமிஷத்துல பிரிச்சிருக்க வேண்டியதை இருபது வருஷம் கழிச்சு மெஷின் வச்சு பிரிச்சிட்டு இருக்கோம்.

அதனால நான் எல்லார்கிட்டயும் சொல்றது, வண்டிய நம்பி மட்டும் இருக்காதீங்க. ஈரக் குப்பை நாறும், தினமும் போயே ஆகணும். கழுவி காயவச்ச மக்காத குப்பை நாறவே நாறாது, அதுக்கு என்ன அவசரம்? சர்வீஸ் ஏரியால ஒரு அரிசி சாக்கு மாட்டி வைங்க, மூணு வாரமோ ஒரு மாசமோ சேரட்டும், அப்புறம் பழைய பேப்பர் கடைல போடுங்க, இல்லனா அபார்ட்மெண்ட்ல நாலு வீடு சேந்து ஒரு நாள் குறிச்சு கடைக்காரர வரச் சொல்லுங்க. நம்ம ஊர்ல மறுசுழற்சி நேத்து வந்த விஷயம் இல்லீங்க, "பழைய இரும்பு ஈயம் பித்தளைக்கு பேரீச்சம்பழம்"னு கூவிட்டு தெருத்தெருவா வந்தவர் பண்ணதும் இதான், என்ன, அப்ப காசுக்கு பதிலா பழம். காயலான் கடைக்காரர் எடைல ஏமாத்தறாருனு ஒரு முணுமுணுப்பு எப்பவும் உண்டு, எங்க அப்பா மேலயும் உண்டு, கொஞ்சம் உண்மையும் இருக்கும்னு வைங்க, ஆனா அவர் கைக்கு போன பொருள் கிடங்குக்கு போகாது, காசு குடுத்து வாங்கினதை யாரும் வீச மாட்டாங்க.

இப்ப பிளாஸ்டிக். நம்ம வீட்டுக்கு வர்றதுல நல்லா விலை போறது தண்ணி பாட்டில் கூல்டிரிங்ஸ் பாட்டில், அதை பெட்னு சொல்லுவோம், ஷாம்பு பாட்டில் பினாயில் பாட்டில் மாதிரி கெட்டியா இருக்கற ரகம், பால் கவர், அப்புறம் ஓட்டல்ல இருந்து சாப்பாடு வர்ற மூடி போட்ட டப்பா. எங்ககிட்ட இருந்த ஒரு அக்கா கவரை கைல கசக்கி காது பக்கத்துல வச்சு சத்தத்துலயே ரகம் சொல்லுவாங்க, பால் கவர் மாதிரி மெத்துனு சத்தமே இல்லாம மடங்கினா எல்டி, சரசரனு சத்தம் போட்டா எச்எம், புதுசட்டை கவர் மாதிரி மொடமொடனு கண்ணாடியா இருந்தா பிபி, நான் படிச்ச கெமிஸ்ட்ரி எல்லாம் அவங்க காதுக்கு முன்னாடி ஒண்ணும் இல்ல. உங்களுக்கு அந்த அளவு தேவையில்ல. பாட்டில் மூடிய கழட்டணுமானு நிறைய பேர் கேக்கறாங்க, அதுக்கு ஒரு சின்ன வேடிக்கை பண்ணிப் பாருங்க, பாட்டில் துண்டையும் மூடியையும் ஒரு வாளி தண்ணில போட்டா பாட்டில் துண்டு முங்கும், மூடி மிதக்கும். ஆலைல அரைச்சு தண்ணித் தொட்டில விட்டு இப்படித்தான் ரெண்டையும் பிரிக்கறாங்க, அதனால மூடி இருந்தா தப்பில்ல, ஆனா உள்ள தண்ணிய கொட்டிட்டு பாட்டில நசுக்கி அப்புறம் மூடுங்க, இல்லனா சாக்குல பாதி காத்துதான் இருக்கும்.

பாட்டில் அடில முக்கோணத்துக்குள்ள ஒரு நம்பர் இருக்குமே, அதைப் பாத்து இது மறுசுழற்சி ஆகும்னு நம்பிடாதீங்க. 1988ல அமெரிக்க பிளாஸ்டிக் கம்பெனிக்காரங்க சங்கம் கொண்டுவந்த குறியீடு அது, 1ல இருந்து 7 வரைக்கும் என்ன ரகப் பிளாஸ்டிக்னு மட்டும்தான் சொல்லும். உங்க ஊர்ல அதை வாங்க ஆள் இருக்கானு சொல்லாது. தெர்மாகோல் 6ம் நம்பர், டிவி பெட்டிக்குள்ள இருந்து வர்ற அந்த வெள்ளைப் பாளம், அதுல 98 சதவீதம் காத்து, லாரி நிறைய ஏத்தினாலும் எடை நிக்காது, டீசல் காசு கூட தேறாது, எங்க ஷெட்ல அது மூலைல மலையா கிடக்கும். நம்பர் இருந்து என்ன பண்ண?

பிஸ்கட் கவருக்கு வர்றேன், உங்க கேள்வில கஷ்டமானது இதான். பிஸ்கட், சிப்ஸ், ஷாம்பு சாஷே, மசாலா பாக்கெட், உள்பக்கம் வெள்ளி மாதிரி பளபளக்கும் பாருங்க, அது ஒரு பிளாஸ்டிக் இல்ல, ரெண்டு மூணு ரகத்தை ஒட்டி நடுவுல மெல்லிசா அலுமினியம் பூசினது. கைல கசக்கி விடுங்க, திரும்ப விரிஞ்சா இந்த ரகம், கசக்கினபடியே இருந்தா அது சமையல் அலுமினியம் ஃபாயில், ஃபாயில் விலை போகும், துடைச்சு உருண்டையா சேத்து வைங்க. இந்த ஒட்டுக் கவரை பிரிக்கற செலவு அதோட விலைய விட ஜாஸ்தி, அதனால பழைய பேப்பர் கடைல சும்மா குடுத்தாலும் வாங்க மாட்டாங்க. அதுக்காக ஈரக் குப்பைல போட்டுடாதீங்க, மக்காத குப்பைலதான் போடணும், காஞ்சதா இருந்தா சிமெண்ட் ஆலைக்கு நிலக்கரிக்கு பதிலா எரிக்க போகும். அதை மறுசுழற்சினு சொல்றது எனக்கு சம்மதம் இல்ல, ஒரு தடவை எரிஞ்சா முடிஞ்சுது, ஆனா தெருவுல சாயங்காலம் குவிச்சு கொளுத்தறதுக்கு இது எவ்வளவோ தேவலாம், சிமெண்ட் சூளைல இருக்கற வெப்பம் வேற, தெருமுனை நெருப்போட வெப்பம் வேற, கம்மி சூட்டுல அரைகுறையா எரியும்போதுதான் டயாக்சின் மாதிரி விஷம் கிளம்பும். இன்னொரு வழி ரோடு. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரி கெமிஸ்ட்ரி பேராசிரியர் வாசுதேவன் கண்டுபுடிச்ச முறை, அதுக்காக 2018ல பத்மஸ்ரீ குடுத்தாங்க, கருங்கல் ஜல்லிய 160, 170 டிகிரிக்கு சூடாக்கி அதுமேல தூளாக்கின பிளாஸ்டிக்க தூவினா கல்லு மேல படலமா படிஞ்சுக்கும், அப்புறம் தார் ஊத்தினா நல்லா புடிச்சுக்கும். எங்க ஊர்க்காரர்னு எனக்கு கொஞ்சம் பெருமை உண்டு. அதுலயும் பிவிசிங்கற பைப்பு ரகப் பிளாஸ்டிக்க சேக்கக் கூடாது, சூட்டுல அமில வாயு வரும், அதனால பழைய பைப்பு துண்டு, பிளெக்ஸ் பேனர் இதெல்லாம் கவரோட கலக்காதீங்க.

கழுவணுமா வேணாமா? உங்க வீட்டுக்காரர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு, மெட்ரோ தண்ணி லாரிக்கு காத்துக் கிடக்கற ஊர்ல நல்ல தண்ணிய திறந்துவிட்டு தயிர் டப்பாவ சோப்பு போட்டு தேய்க்கறது பைத்தியக்காரத்தனம். அவ்வளவு சுத்தம் எங்களுக்கு வேணாம், ஆலைல எப்படியும் ஒரு தடவை கழுவுவாங்க. நாறக் கூடாது, எறும்பு வரக் கூடாது, பக்கத்துல இருக்கற பேப்பர்ல ஒட்டக் கூடாது, இவ்வளவுதான். அரிசி களைஞ்ச தண்ணியோ பாத்திரம் அலசின கடைசித் தண்ணியோ ஒரு சுத்து சுத்தி கொட்டிட்டு கவுத்து வைங்க போதும். பால் கவர இப்படி அலசி துணிக் கிளிப்புல மாட்டினா அரை மணி நேரத்துல காஞ்சிடும். எண்ணெய் பாக்கெட்டுக்கு தண்ணி பிரயோஜனமே இல்ல, ஓரத்த வெட்டி விரிச்சு பழைய பேப்பரால துடைச்சிடுங்க, அதை எடுக்கறது கடைக்கு கடை மாறும், கேட்டுக்கணும். ஊறுகாய் பாக்கெட், கெட்சப் சாஷே இதையெல்லாம் கழுவ உக்காந்தீங்கன்னா ஆயுசு போதாது, விட்டுடுங்க.

பேப்பர் சுலபம்னு எல்லாரும் நினைக்கறாங்க, ஏமாத்தறதே அதுதான். பீட்சா அட்டைல எண்ணெய் படாத மூடிய கிழிச்சு அட்டையோட சேருங்க, சீஸ் ஊறின அடிப்பக்கத்தை துண்டு போட்டு ஈரக் குப்பைல போட்டா மக்கிடும். டீ குடிக்கிற பேப்பர் கப் பேப்பரே இல்ல, உள்ள பிளாஸ்டிக் படலம், 2019 ஜனவரி 1ல தமிழ்நாட்டுல தடை பண்ண 14 ஐட்டத்துல அதுவும் ஒண்ணு, இன்னிக்கும் டீக்கடைல அதுலதான் குடிக்கறோம், அது தனிக் கதை. ஜூஸ் வர்ற டெட்ரா பேக்ல முக்கால்வாசி பேப்பர், மிச்சம் பிளாஸ்டிக்கும் கொஞ்சூண்டு அலுமினியமும், அதை பிரிக்கற ஆலைங்க இருக்கு, ஆனா தெருமுனை கடைக்காரர் வாங்க மாட்டார், தட்டையாக்கி மக்காத குப்பைல தனியா தெரியற மாதிரி வைங்க. அப்புறம் சூப்பர் மார்க்கெட் பில், ஏடிஎம் சீட்டு. நகத்தால அழுத்தி ஒரு கோடு கிழிச்சுப் பாருங்க, கருப்பா கோடு விழுந்தா அது மை இல்லாம சூட்டுல எழுத்து வர்ற ரசாயனம் பூசின தாள், பேப்பர் கட்டுல சேக்கக் கூடாது, உரத்துலயும் போடக் கூடாது.

இரும்பு, அலுமினியம், பித்தளை பத்தி சொல்லவே வேணாம், அதை நம்ம ஆளுங்க யாரும் வீச மாட்டாங்க, பழைய அலுமினியத்தை உருக்கறதுக்கு மண்ணுல இருந்து புதுசா எடுக்கறதுல 5 சதவீத மின்சாரம் போதும், அதான் அதுக்கு அந்த விலை. கண்ணாடிதான் பாவம், கனம் ஜாஸ்தி விலை கம்மி. முழு பாட்டிலா இருந்தா கழுவி மறுபடி நிரப்ப போகும், அதான் இருக்கறதுலயே நல்ல வழி. டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூட வாங்கி காலி பாட்டில திருப்பி குடுத்தா அந்த 10 ரூபாய தர்ற திட்டம் 2022ல நீலகிரில ஆரம்பிச்சாங்க, காட்டுக்குள்ள உடைஞ்ச பாட்டில் யானை கால்ல குத்துதுனு ஹைகோர்ட் கண்டிச்சதுக்கு அப்புறம் வந்தது, எனக்கு தெரிஞ்சு காசு குடுத்து குப்பைய திருப்பி வாங்கினா எப்படி வேலை செய்யும்ங்கறதுக்கு அதான் உதாரணம். ஆனா ஜன்னல் கண்ணாடி, முகம் பாக்கற கண்ணாடி, டம்ளர் இதெல்லாம் பாட்டிலோட சேராது, உருகற சூடு வேற, கலவை வேற.

உடைஞ்ச கண்ணாடி பேச்சு வந்ததால இதை சொல்லியே ஆகணும். எங்க ஷெட்ல ஒரு அக்காவுக்கு உள்ளங்கைல கட்டைவிரல் அடில இவ்வளவு நீளத்துக்கு தழும்பு இருக்கு, சோத்துக் கவருக்குள்ள கெடந்த ஷேவிங் பிளேடு, ஏழு தையல், ரெண்டு மாசம் வேலைக்கு வரல. கிளவுஸ் போட்டிருந்தாங்க, அந்த ரப்பர் கிளவுஸ் பிளேடுக்கு முன்னாடி ஒண்ணும் இல்ல. பிளேடு, உடைஞ்ச கண்ணாடி எதுவா இருந்தாலும் கெட்டியான அட்டைலயோ டின்லயோ போட்டு ஒட்டி மேல மார்க்கர்ல "கண்ணாடி"னு தமிழ்ல எழுதி கைல குடுங்க. நாப்கின், டயபர் ரெண்டையும் பேப்பர்ல சுத்தி சிவப்புல ஒரு பெரிய புள்ளி வைங்க, புனேல குப்பை எடுக்கறவங்க கேட்டு ஆரம்பிச்ச பழக்கம் அது, பிரிக்காமலே உள்ள என்னனு தெரிஞ்சிடும். அதை கையால பிரிச்சுப் பாக்க வைக்கற அசிங்கம் யாருக்கும் வேணாம். வீட்ல சுகர் பேஷண்ட் இருந்து இன்சுலின் ஊசி போட்டா ஊசிய துணி சோப்பு பாட்டில் மாதிரி கெட்டி பாட்டில்ல சேத்து மூடி டேப் சுத்திடுங்க, அதை எங்க குடுக்கணும்ங்கறத மட்டும் நான் சொல்றத விட நீங்க மருந்து வாங்கற இடத்துல கேக்கறது நல்லது, நான் முதல்லயே சொன்ன மாதிரி அது என் துறை இல்ல. சிஎஃப்எல் பல்பு, டியூப் லைட்ல சில மில்லிகிராம் பாதரசம் இருக்கு, உடையாம அட்டை உறையோட தனியா வைங்க. பழைய செல்போன் பேட்டரிய சாதா குப்பைல போடவே போடாதீங்க, அமுக்கி வண்டில நசுங்கினா தீ புடிக்கும், இது நான் பயமுறுத்த சொல்லல, எங்க ஷெட் வாசல்லயே ஒரு மூட்டை புகைஞ்சு தண்ணியும் மணலும் ஊத்தி அணைச்சோம்.

சட்டம் என்ன சொல்லுதுனு கேட்டா, 2016 விதில வீட்ல மூணா பிரிக்கணும்னு இருந்தது, மக்கறது, மக்காதது, வீட்டு அபாயக் கழிவு. 2026 புது விதில நாலு ஆக்கிட்டாங்க, ஈரம், உலர், நாப்கின் டயபர் மாதிரி சானிட்டரி, அப்புறம் பல்பு பேட்டரி மருந்து மாதிரி தனி கவனம் வேண்டியது. கேக்க பெருசா தெரியும், நாலாவது டப்பா வீட்ல வருஷத்துக்கு ஒரு செருப்பு அட்டைப்பெட்டி நிறையாது, பரண்ல கிடக்கட்டும்.

ஈரக் குப்பைய பத்தி எனக்கு தெரிஞ்ச அளவுக்கு. வீட்டுக் குப்பைல பாதிக்கு மேல அதுதான், அதை மாடிலயே முடிச்சிட்டா வண்டி கலக்குது கலக்கலங்கற சண்டையே இல்ல. ஓட்டை போட்ட ரெண்டு மண் தொட்டி, ஒரு மூட்டை காஞ்ச சருகு, கொஞ்சம் புளிச்ச மோர், வேற எதுவும் வாங்காதீங்க, பாக்கெட்ல விக்கற பவுடர் எல்லாம் இல்லாமலே எனக்கு வந்துச்சு. ஒரு கை காய்கறித் தோலுக்கு ரெண்டு கை சருகு, நாறுச்சுனா ஈரம் ஜாஸ்தி, சருகு போட்டு கிளறணும், வெள்ளையா தடிப் புழு வந்தா பயப்படாதீங்க, அது ஒரு ஈயோட புழு, உங்க குப்பைய உங்களை விட வேகமா தின்னு தீத்துட்டு போயிடும். மாமியார் அலறுவாங்க, அதுக்கு என்கிட்ட வழி இல்ல. தேங்கா நார், மாங்கொட்டை, எலும்பு மக்க நாளாகும், தனியா வைங்க. கொட்டாங்குச்சிய கரி சுடறவங்க வாங்குவாங்க, கேட்டுப் பாருங்க. "மக்கும் பை"னு பச்சை எழுத்துல போட்ட கேரி பேக்க என் தொட்டில போட்டுப் பாத்தேன், எட்டு மாசம் கழிச்சும் எழுத்து படிக்கற மாதிரி இருந்துச்சு. நிஜமான ரகமா இருந்தாலும் பெரிய உரக்கிடங்கோட சூடு இருந்தாத்தான் அது கரையும், பிளாஸ்டிக்கோட போட்டா அந்த லாட்டையும் கெடுக்கும், அதை ரெண்டுலயும் சேக்காம ஈரக் குப்பைய பேப்பர் விரிச்ச பக்கெட்லயே குடுத்துட்டு பக்கெட்ட கழுவிடுங்க.

பழைய துணிய மட்டும் கேக்காம விட்டுட்டீங்க. காட்டன் பனியன், வேட்டி, பெட்ஷீட் எல்லாம் கிழிஞ்சிருந்தாலும் மெக்கானிக் ஷாப்ல எண்ணெய் துடைக்க வாங்கிப்பாங்க, பட்டன் ஜிப்பை வெட்டிட்டு குடுங்க. பாலியெஸ்டர் எண்ணெய்ய உறிஞ்சாது, அது போகாது. செருப்பு, ஸ்கூல் பேக், தலையணை மூணுக்கும் இன்னிக்கு வரைக்கும் எங்க ஷெட்ல வாங்க ஆள் வந்தது இல்ல.

கடைசியா ஒண்ணு, பால் கவர் வெட்டும்போது மூலைய முழுசா வெட்டி எடுக்காம லேசா கீறி அந்தத் துண்டு கவர்லயே தொங்கற மாதிரி விடுங்க. தினமும் ரெண்டு கவர்னு வச்சா வருஷத்துக்கு ஒரு வீட்ல இருந்து எழுநூத்துச் சொச்சம் முக்கோணத் துண்டு, எந்தக் கையாலயும் பொறுக்க முடியாத சைஸ், எங்க மேசைய கூட்டும்போது முறத்துல நிறைய வர்றது அதுதான்.